குளித்தபின் அடைத்த காது

வணக்கம். குளத்தில் முழுகிய பின் வலக்காது அடைத்துவிட்டதாகவும், தீக்குச்சியால் கிண்டியும் திறக்கவில்லை என்றும் புதுக்குடியிருப்பிலிருந்து எழுதியிருந்தீர்கள். நீர் பட்டால் காதுக் குறும்பி ஊதும். குச்சியோ அதைச் செவிப்பறைப் பக்கமே தள்ளும் (என் மாமாவின் சட்டைப்பையில் இன்றும் ஒரு கோழியிறகு இருக்கிறது, சொல்லிப் பயனில்லை). வலியோ சீழோ இல்லையெனில், ஒலிவ் எண்ணெயை நாளுக்கு இருமுறை 2 அல்லது 3 துளிகளாக 5 நாட்கள் விட்டு இளகவைத்த பின், வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டுங்கள். உடற்சூடான, அதாவது 37 பாகை அளவிலான நீரைப் பீச்சிக் கழுவுவார்கள். நீர் குளிர்ந்திருந்தால் தலை சுற்றும். ஆனால், போர்க்காலத்தில் ஷெல் அதிர்வால் செவிப்பறை கிழிந்தவராக நீங்கள் இருந்தால், எண்ணெயும் விடாமல் அதை முதலிலேயே வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். அத்தகைய காதுக்கு, காது மூக்குத் தொண்டை நிபுணர் நுணுக்குக்காட்டியில் பார்த்தபடி மெல்லிய குழாயால் உறிஞ்சி எடுப்பதே பாதுகாப்பானது.