கடைசி நேரத்தில் பயிற்சி ரத்து: ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

வணக்கம். நீங்கள் நடத்தவிருந்த பயிற்சி வகுப்பை முந்தைய நாள் மாலை ரத்து செய்த நிறுவனம், கட்டணம் கேட்டால் "ஒப்பந்தத்தில் எதுவும் இல்லையே" என்று கைவிரித்துவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அநியாயம்தான். அந்தத் தேதிகளுக்காக வேறு வேலையை மறுத்த மின்னஞ்சல் இருந்தால், தயாரிப்புச் செலவுக் கணக்கோடு இணைத்து, கட்டணத்தில் ஒரு பகுதியையாவது எழுத்துமூலம் கேளுங்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் வகுப்புக்கு முந்தைய 14 நாளுக்குள் ரத்தானால் பாதிக் கட்டணம், 48 மணி நேரத்துக்குள் என்றால் முழுக் கட்டணம் என்று கேட்டுப் பாருங்கள். புதுத் தேதி குறிக்காத ஒத்திவைப்பும் ரத்துதான் என்று கட்டாயம் எழுதுங்கள். பல நிறுவனங்கள் நழுவும் ஓட்டை அதுதான்.

பயிற்சிக் கையேட்டையும் கவனியுங்கள். "பயன்படுத்தும் பாடங்கள் அனைத்தும் நிறுவனத்துக்கே சொந்தம்" என்ற வரி இருந்தால் கையெழுத்திடாதீர்கள். நீங்கள் முன்பே உருவாக்கியவை உங்களுடையவை. பங்கேற்பாளர்களுக்குப் பயன்படுத்தும் அனுமதி மட்டும் போதும். வகுப்பை ஒளிப்பதிவு செய்யத் தனிக் கட்டணம் கேளுங்கள்.