கொயரை விட்டு விலகியது தாழ்மையா?

கேள்வி: எங்கள் ஊர்ச் சபையில் 22 வருடமாகப் பாடகர் குழுவை (கொயரை) நடத்தி வந்தேன். போன வருடம் சென்னையில் படித்துவிட்டு வந்த ஒரு தம்பி கீபோர்டு வாசிக்க ஆரம்பித்தான். ஈஸ்டருக்கு அவன் சொல்லிக்கொடுத்த பாட்டைப் பற்றித்தான் எல்லாரும் பேசினார்கள். நான் ஐயரிடம் (எங்கள் போதகரிடம்) "இளைஞருக்கு வழிவிட்டு, தாழ்மையோடு விலகிக்கொள்கிறேன்" என்று கடிதம் கொடுத்துவிட்டேன். அது தாழ்மை இல்லை, சுத்தப் பெருமை என்கிறாள் என் மனைவி. இதற்கிடையே கமிட்டியில் அசனக் (சபை விருந்துக்) கணக்கைக் கேட்டேன். "உமக்குப் பெருமை கூடிப்போச்சு, கொஞ்சம் தாழ்மையாயிரும்" என்று ஒரு பெரியவர் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். யார் பாராட்டினாலும் "நான் ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வேன். அப்படியிருந்தும் நான் பெருமைக்காரனா? எப்படித் தெரிந்துகொள்வது? (தென்மாவட்ட வாசகர் ஒருவர்)

பதில்: அன்புள்ள ஐயா, உங்கள் மனைவி சொன்னதில் முக்கால்வாசி சரி. அந்தப் பெரியவர் சொன்னது சரியில்லை. இரண்டும் ஒரே குற்றச்சாட்டுபோலக் காதில் விழுந்ததால்தான் நீங்கள் குழம்பியிருக்கிறீர்கள்.

குழப்பத்தில் கொஞ்சம் பங்கு நம் மொழிக்கும் உண்டு. தமிழில் பெருமை நல்ல சொல். திருக்குறளில் பெருமைக்கென்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. "பணியுமாம் என்றும் பெருமை" என்கிறது அதிலுள்ள ஒரு குறள். அங்கே பணிவே பெருமையின் அடையாளம். வேதாகமத் தமிழிலோ அதே சொல் பாவப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிட்டது: "பெருமையுள்ளவர்களுக்குத் தேவன் எதிர்த்து நிற்கிறார்." ஆகவே பிள்ளை பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினதைப் பெருமையோடு சொல்கிற தாயும், ஊரையே அற்பமாகப் பார்க்கிறவனும் ஒரே சொல்லுக்குள் மாட்டிக்கொள்கிறார்கள். வேதம் கண்டிப்பதை மேட்டிமை, அகந்தை என்று வைத்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீரும்.

இப்போது இஸ்ரவேலின் முதல் ராஜாவான சவுலுக்கு வருவோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவன்தான் நினைவுக்கு வந்தான், கோபிக்க வேண்டாம்.

சவுல் முதலில் தாழ்மையாயிருந்தான், ராஜாவானபின் கெட்டுப்போனான் என்று நாம் பிரசங்கம் செய்வது வழக்கம். "நீர் உம்முடைய பார்வைக்குச் சிறியவராயிருந்தபோது" என்று தீர்க்கதரிசி சாமுவேலே அவனிடம் சொல்வதால் அதற்கு ஆதாரமும் இருக்கிறது. ஆனாலும் எனக்கு அது முழுதாக ஒப்பவில்லை. ராஜாவாகத் தெரிந்தெடுக்கப்பட்ட அன்று அவன் தளவாடங்களுக்கு நடுவில் ஒளிந்துகொண்டான். பிற்பாடு அமலேக்கியரை ஜெயித்ததும் கர்மேலில் தனக்கு ஜெயஸ்தம்பம் நாட்டினான். தேவன் சொன்னதற்கு ஏன் கீழ்ப்படியவில்லை என்று கேட்டால், ஜனங்களுக்குப் பயந்தேன் என்றான். பாவத்தை ஒத்துக்கொண்ட அதே மூச்சில், மூப்பர்களுக்கு முன்பாக என்னைக் கனம்பண்ணும் என்று சாமுவேலிடம் மன்றாடினான். ஒளிந்தபோதும் ஸ்தம்பம் நாட்டியபோதும் அவன் கண் ஓர் இடத்தில்தான் இருந்தது: ஜனங்கள் என்னை எப்படிப் பார்க்கிறார்கள்? கூச்சத்தைத் தாழ்மை என்று நாம் எத்தனை பேருக்குப் பட்டம் கட்டிவிட்டோம்!

அப்படிப்பட்டவன் காதில், அவன் படையில் இருந்த இளைஞன் தாவீதையும் சேர்த்துப் புகழ்கிற ஒரு பாட்டு விழுந்தது. "சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்." பாடிய பெண்கள் அவனைத் திட்டவில்லை, அவனுக்கும் ஆயிரம் கொடுத்துத்தான் பாடினார்கள். அந்த நாள்முதல் சவுல் தாவீதைக் காய்மகாரமாய் (பொறாமையாய்ப்) பார்த்தான் என்கிறது 1 சாமுவேல் 18. ஈஸ்டர் ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது உங்கள் காதிலும் ஏதோ ஒரு கணக்கு விழுந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அதே அதிகாரத்தில், அந்தப் பாட்டுக்குச் சில வசனங்கள் முன்னால், யோனத்தான் நிற்கிறான். சவுலின் மகன், சிங்காசனத்துக்கு அடுத்த வாரிசு. கையாலாகாதவனும் இல்லை: ஆயுததாரி ஒருவனை மட்டும் கூட்டிக்கொண்டு பாறையில் ஏறிப் எதிரிகளான பெலிஸ்தரின் தாணையத்தை (காவல்படையை) முறியடித்தவன். தாவீது வந்ததால் யாருக்காவது நஷ்டம் என்றால் அது அவனுக்குத்தான். அவன் போர்த்தியிருந்த சால்வையைக் கழற்றி, தன் பட்டயத்தோடும் வில்லோடும் கச்சையோடும் தாவீதுக்குக் கொடுத்தான். (நம் சபைகளில் சால்வை போர்த்துவதற்குப் பஞ்சமில்லை. ஆனால் அவை கடையில் வாங்கின சால்வைகள். தன் தோளில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.)

இதில் உங்களுக்கு வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. யோனத்தான் இடத்தைக் கொடுத்தான், களத்தை விட்டுப் போகவில்லை. பிற்பாடு சவுலுக்குத் தப்பிக் காட்டில் ஒளிந்திருந்த தாவீதைத் தேடிப்போய் அவன் கையைத் திடப்படுத்தி, "நீர் இஸ்ரவேலின்மேல் ராஜாவாயிருப்பீர், நான் உமக்கு இரண்டாவதாயிருப்பேன்" என்றான். கில்போவா போர்க்களத்தில் விழுகிறவரை யுத்தம் பண்ணினான். அவனுக்காகத் தாவீது பாடிய புலம்பலில் யோனத்தானுடைய வில் பின்வாங்கினதில்லை என்று ஒரு வரி வருகிறது.

நீங்கள் உங்கள் வில்லைக் கொடுக்கவும் இல்லை, வைத்து எய்யவும் இல்லை. கொண்டுபோய்ப் பரணில் போட்டுவிட்டீர்கள். அந்தக் கடிதத்தைக் கொடுத்த ராத்திரி ஐயரோ கமிட்டியோ வீட்டுக்கு வந்து "நீங்கள் இல்லாமல் கொயர் ஏது?" என்று கெஞ்சியிருந்தால் மனம் குளிர்ந்திருக்குமா? யாரும் வராததால் எரிந்ததா? பதிலை எனக்கு எழுத வேண்டாம். உங்கள் மனைவிக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்தது, "நான் ஒன்றுமில்லை" என்கிற வழக்கம். இது நம் கிறிஸ்தவ வட்டாரத்தில் கிட்டத்தட்ட வாழ்த்துச் சொல்லாகவே ஆகிவிட்டது. அப்போஸ்தலன் பவுல் அப்படிப் பேசவில்லை. மற்ற அப்போஸ்தலர் எல்லாரிலும் அதிகமாய்ப் பிரயாசப்பட்டேன் என்று கூசாமல் எழுதிவிட்டு, ஆகிலும் நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே அப்படிச் செய்தது என்கிறார். செய்த வேலையை அவர் மறைக்கவில்லை, அதன் ஊற்றைச் சொல்கிறார். ரோமர் 12:3-லும் தன்னைக்குறித்து எண்ணவேண்டியதற்கு மிஞ்சி எண்ணாமல் "தெளிந்த எண்ணமுள்ளவனாய்" எண்ணவேண்டும் என்றுதான் இருக்கிறது. 22 வருடம் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவர் எனக்குப் பாட்டே தெரியாது என்பது தெளிந்த எண்ணம் ஆகாது, அது பொய். கொலோசெயருக்கு எழுதும்போது பவுல் கள்ளத்தாழ்மை என்று ஒன்றைச் சொல்கிறார். அந்தச் சொல்லே போதும், விளக்கம் வேண்டாம்.

சீஷர்களின் காலைக் கழுவிவிட்டு உட்கார்ந்த இயேசு என்ன சொன்னார் பாருங்கள். "நீங்கள் என்னைப் போதகரென்றும், ஆண்டவரென்றும் சொல்லுகிறீர்கள், நீங்கள் சொல்லுகிறது சரியே, நான் அவர்தான்." துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடிமையின் வேலையைச் செய்தவர், தாம் யார் என்பதை மழுப்பவில்லை. ஆகவே இனி யாராவது "பாட்டு நன்றாக இருந்தது" என்றால், "சந்தோஷம், நன்றி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.

எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டீர்கள். அடுத்தவனைப் புகழும்போது மனம் என்ன செய்கிறது என்பது ஒரு சோதனை, அதைப் பார்த்துவிட்டோம். இன்னொன்று, யாராவது தடுத்துப் பேசும்போது என்ன செய்கிறோம் என்பது. யூதாவின் உசியா 16 வயதில் ராஜாவாகி எருசலேமில் 52 வருடம் அரசாண்டவன். கோபுரம் கட்டினான், துரவு வெட்டினான், தொட்டதெல்லாம் துலங்கியது. பலப்பட்டபோது மனம் மேட்டிமையாகி, ஆசாரியர் மட்டும் செய்யவேண்டிய தூபங்காட்டுதலைத் தானே செய்ய ஆலயத்துக்குள் போனான். ஆசாரியனாகிய அசரியாவும் அவனோடு 80 ஆசாரியர்களும் வழிமறித்தார்கள். குஷ்டம் எப்போது தோன்றியது என்று 2 நாளாகமம் 26-ஐ மெதுவாக வாசியுங்கள். உள்ளே நுழைந்தபோது ஒன்றும் ஆகவில்லை. தடுத்தவர்கள்மேல் அவன் கோபங்கொண்டபோதுதான் நெற்றியில் எழும்பிற்று. உங்கள் மனைவி சொன்னதை எனக்கு நீங்களே எழுதி அனுப்பியிருக்கிறீர்களே, அது நல்ல அடையாளம்.

செய்ய வேண்டியது இதுதான். கடிதத்தைத் திரும்பக் கேட்க வேண்டாம். கேட்டால் அது இன்னொரு நாடகமாகிவிடும். அடுத்த பயிற்சிக்கு நேரத்துக்குப் போய், பின்வரிசையில் டெனரில் (ஆண்களின் மேல்குரல் வரிசையில்) நில்லுங்கள். தம்பி சொல்லிக்கொடுக்கிறபடி பாடுங்கள். அவன் தாளத்தை வேகப்படுத்தினால் முதல் மாதம் வாயைத் திறக்காதீர்கள். அவனுக்குப் பழைய கீர்த்தனைகளின் ராகம் எல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெரியும்வரை காத்திருந்து, அவன் கேட்கும்போது உங்கள் நோட்டுப் புத்தகத்தையே தூக்கிக் கொடுத்துவிடுங்கள். சால்வை என்று நான் சொன்னது அதைத்தான்.

கணக்கு விஷயம் வேறு. அசனத்துக்கு அரிசியும் ஆடும் ஊர்ச் சனம் கொடுத்தது, அதன் கணக்கைக் கேட்பது கமிட்டி உறுப்பினரின் கடமை. எருசலேம் பரிசுத்தவான்களுக்காகச் சேர்த்த தர்மப்பணத்தில் ஒருவனும் தன்னைக் குற்றம் சொல்லாதபடிக்குப் பவுல் வேறு சகோதரர்களையும் சேர்த்தே அனுப்பினார். 2 கொரிந்தியர் 8-இல் இருக்கிறது. "மனத்தாழ்மையினாலே ஒருவரையொருவர் தங்களிலும் மேன்மையானவர்களாக எண்ணக்கடவீர்கள்" என்று அவர் எழுதியது பிலிப்பி சபைக்கு. அதே பிலிப்பியில் விசாரணையில்லாமல் அடித்துச் சிறையில் போட்டுவிட்டு, இரகசியமாய் அனுப்பிவிடப் பார்த்த அதிகாரிகளிடம், நாங்கள் ரோமர், அவர்களே வந்து எங்களை வெளியே அழைத்து விடட்டும் என்று உட்கார்ந்துவிட்டவரும் அவர்தான். தாழ்மை என்ற சொல்லை வாயடைக்கும் துணியாக யாராவது நீட்டினால் வாங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

கணக்கை எழுத்தில் கேளுங்கள், நாலு வரி போதும். அந்தப் பெரியவர் பேச்சைக் கடிதத்தில் இழுக்காதீர்கள். கொயருக்குத் திரும்புகிற வாரத்திலேயே இதையும் செய்ய வேண்டாம். பாட்டில் தோற்ற கோபத்தைக் கணக்கில் காட்டுகிறார் என்று பேசுவார்கள், உங்களுக்கே அந்தச் சந்தேகம் வரும். முதலில் டெனர் வரிசை. ஒரு மாதம் போகட்டும், பிறகு கணக்கு.