பழைய படங்களில் வரும் வீடியோ கேம் பெட்டிகள் உண்மையிலேயே அந்தக் காலத்தவைதானா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? அதில் அப்படி என்ன ஆர்வம்?

முதலில் வயரைப் பாருங்கள். பெட்டியின் பெயர், நிறம், வடிவம் எல்லாம் பிறகு. விளையாடுகிற பிள்ளைகள் டிவியிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

1990களின் நடுவில் மாமா சென்னை பர்மா பஜாரிலிருந்து எங்களுக்கு ஒரு வீடியோ கேம் வாங்கி வந்தார். சிவப்பும் வெள்ளையுமான பெட்டி. 1983இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற கருவியின் நகல் அது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. எங்களுக்கு அது வெறும் ‘டிவி கேம்’. மேலே செருகுவது கேசட், கையில் பிடிப்பது ரிமோட். இரண்டு ரிமோட்டுகளும் பெட்டியோடு ஒட்டியே பிறந்தவை; கழற்ற முடியாது. முதல் ரிமோட்டில்தான் ஸ்டார்ட், செலக்ட் பொத்தான்கள் இருக்கும். அக்கா என்ற முறையில் அது என் கைக்கு வந்தது. வயர் இரண்டு முழம்கூட இருக்காது. டிவி ஸ்டாண்டின் மேல் இருந்தது, பெட்டி தரையில் இருந்தது, நாங்கள் பெட்டியை ஒட்டி, அண்ணாந்து பார்த்தபடி சிமெண்டுத் தரையில் இருந்தோம். அந்தக் கோடை விடுமுறை முழுவதும் என் கழுத்தில் ஒரு வலி இருந்தது. அந்த வலியை வைத்துத்தான் இன்றைக்கும் படங்களை அளக்கிறேன்.

1980களில் நடக்கும் கதை என்று சொல்லிவிட்டு, பையன்கள் அறையின் மறுகோடியில் சோஃபாவில் சாய்ந்துகொண்டு நிம்மதியாக ஆடினால், கலை இயக்குநர் பெட்டியைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருக்கிறார், ஆனால் படப்பிடிப்புத் தளத்தில் ஒருவரும் அதை இணைத்து ஆடிப் பார்க்கவில்லை என்று பொருள்.

அடுத்தது பெட்டியின் வயது. இதற்கு, பின்னாளில் 2600 என்று பெயர்பெற்ற அட்டாரி நிறுவனத்தின் பெட்டி நல்ல பாடம். அமெரிக்காவில் 1977இல் வந்த முதல் பெட்டியின் முகப்பில் மரம்போன்ற பட்டையும் ஆறு சுவிட்சுகளும் இருந்தன. 1980 வாக்கில் சுவிட்சுகள் நான்காகக் குறைந்தன. 1982இல் மரப்பட்டையே போய் முழுக் கறுப்பு வந்தது; அட்டாரி 2600 என்ற பெயரும் அப்போதுதான் ஒட்டிக்கொண்டது. ஆகவே 1978இல் நடக்கும் காட்சியில் முழுக் கறுப்புப் பெட்டி இருந்தால் தவறு. அந்த ஆண்டுக் கதையில் யாராவது ‘2600’ என்று வாய்விட்டுச் சொன்னாலும் தவறு. இதேபோல நின்டெண்டோவின் அமெரிக்கப் பெட்டியோடு வந்த, டிவி திரையைக் குறிபார்த்துச் சுட்டு ஆடும் துப்பாக்கி: தொடக்கத்தில் சாம்பல் நிறம், 1980களின் கடைசியில் ஆரஞ்சு நிறம். பொம்மைத் துப்பாக்கி நிஜத் துப்பாக்கிபோல் தெரியக் கூடாது என்ற விதிதான் காரணம். 1986ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் காட்சியில் ஆரஞ்சுத் துப்பாக்கியைக் கண்டால் நான் படத்தை நிறுத்திவிட்டுப் பின்னால் ஓட்டிப் பார்ப்பேன்.

ஆனால் என்னை உண்மையில் வருத்துவது மஞ்சள். அந்தக் காலத்துச் சாம்பல், வெள்ளை பிளாஸ்டிக்குகள் வெயிலும் சூடும் பட்டு ஆண்டுகள் செல்லச் செல்ல மஞ்சளாகிவிடும். 1990களின் தொடக்கத்தில் வந்த சூப்பர் நின்டெண்டோவில் இது மிகுதி. ஒரே பெட்டியின் மேல்பாதி மஞ்சளாகவும் கீழ்ப்பாதி சாம்பலாகவும் இருப்பதைக்கூடப் பார்க்கலாம். இப்போது காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பிறந்தநாள். பிள்ளை பரிசுத்தாளைக் கிழிக்கிறான். உள்ளேயிருந்து புத்தம் புதுப் பெட்டி வருகிறது, முப்பது ஆண்டு வெயில் குடித்த மஞ்சளோடு. இன்றைய பழம்பொருள் சந்தையில் வாங்கியதை அப்படியே வைத்துவிட்டார்கள். ஒரு காலத்தின் பொருள் அந்தக் காலத்தில் புதியதாகத்தான் இருந்தது என்பதை மறந்துவிட்டார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து மஞ்சளை வெளுக்க வைக்கும் முறை சேகரிப்பாளர்களிடம் இருக்கிறது. அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்ளும் படக்குழுவை மனதாரப் பாராட்டுவேன்.

திரையையும் பாருங்கள். பழைய குழாய் டிவியைப் படச்சுருளில் எடுப்பது எளிதல்ல. கேமரா நொடிக்கு 24 சட்டகம் பிடிக்கும். டிவியோ அமெரிக்காவில் நொடிக்கு ஏறத்தாழ 60 முறை, நம் ஊரில் 50 முறை புதுப்பித்துக்கொள்ளும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் திரையில் ஒரு கறுப்புப் பட்டை மேலும் கீழும் உருளும். பழைய படத்தில் அந்தப் பட்டையைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சி: டிவி நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்தது. இப்போதைய படங்களில் பெரும்பாலும் பிறகு கணினியில் ஒட்டுகிறார்கள். ஒட்டிய படத்தில் கண்ணாடியின் வளைவு இருக்காது, ஆடுபவன் முகத்தில் அந்த நீல வெளிச்சம் துடிக்காது.

காதையும் கொடுங்கள். வெகுகாலம் படங்களிலும் தொடர்களிலும் ஒரு வழக்கம் இருந்தது: பையன் கையில் எந்தக் கருவி இருந்தாலும், அட்டாரி 2600இல் வந்த பாக்-மேன், டாங்கி காங் ஆட்டங்களின் ஒலிதான் கேட்கும். ஒலித் தொகுப்புகளில் அவைதான் ஆயத்தமாகக் கிடைத்தன. 1990களின் கருவியிலிருந்து 1982ஆம் ஆண்டின் குரல் வருவதை ஒருமுறை கண்டுகொண்டால் பிறகு உங்களால் கேட்காமல் இருக்க முடியாது.

இனி ஆர்வம் எதற்கு என்ற பாதிக்கு வருகிறேன். மேலே சொன்னவை எல்லாம் பிற்காலத்தில் தேடி எடுத்து வைத்த பொருட்களைச் சோதிக்கும் வழிகள். நான் உயிராய் நினைப்பது வேறு வகையை: அந்தக் காலத்திலேயே எடுத்த படத்தில், ஏக்கத்துக்காக அல்லாமல் இயல்பாக இருந்துவிட்ட பொருட்கள்.

1973இல் வந்த ‘சாய்லென்ட் கிரீன்’ படத்தின் கதை 2022இல் நடக்கிறது. ஒரு பணக்கார அடுக்குமாடி வீட்டில், இளம்பெண் ஒருத்தி வெள்ளை நிற விளையாட்டு இயந்திரம் ஒன்றில் ஆடுகிறாள். நெளிவும் வளைவுமாக, ஃபைபர் கண்ணாடியில் வார்த்த உடல். அது 1971இல் நோலன் புஷ்னெலும் டெட் டாப்னியும் உருவாக்கிய ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’. காசு போட்டு ஆடும் வீடியோ கேமாகக் கடைக்கு வந்த முதல் இயந்திரங்களில் ஒன்று. இந்த இருவர்தான் அடுத்த ஆண்டு அட்டாரியைத் தொடங்கினார்கள். ஐம்பது ஆண்டு கழித்துப் பணக்காரர்கள் வீட்டில் என்ன இருக்கும் என்று யோசித்த படக்குழு, தங்கள் காலத்திலேயே மிகப் புதியதாக இருந்த ஒன்றைத் தூக்கி அங்கே வைத்தது. இன்று 2022ஐயும் தாண்டிவிட்டோம். எதிர்காலமாக வைக்கப்பட்ட பொருள் இப்போது அருங்காட்சியகப் பொருள். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

1975இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் கடற்கரையில் கூட்டம் நிறைந்திருக்கும் நாளில் ஒருவர் சுறாவைச் சுடும் இயந்திரத்தில் ஆடிக்கொண்டிருப்பது தெரியும். செகா நிறுவனம் 1972இல் செய்த ‘கில்லர் ஷார்க்’. அது வீடியோ கேமே அல்ல. விளக்கும் மோட்டாரும் நகரும் உறுப்புகளுமாக இயங்குவது. வீடியோ கேம் வந்த பிறகும், 1975இல், அதற்கு முந்தைய யுகத்தின் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன என்பதற்கு அது சாட்சி. இதில் ஒரு தொடர்ச்சியும் உண்டு. ஜாஸ் பெயரில் 1987இல் நின்டெண்டோவுக்கு ஒரு கேம் வந்தது. 1989இல் வந்த ‘பேக் டு த ஃபியூச்சர்’ இரண்டாம் பாகத்தில் கதாநாயகன் 2015க்குப் போகிறான். அங்கே பழம்பொருள் கடையின் கண்ணாடிக்குப் பின்னால், ஒரு மேகின்டோஷ் கணினியோடு அந்த ஜாஸ் கேமும் இருக்கிறது. வெளிவந்து இரண்டே ஆண்டான பொருளை எடுத்து, ‘நாளைக்கு இது பழம்பொருள்’ என்று சொல்லிவிட்டார்கள். அதே படத்தில் அவன் துப்பாக்கியால் ‘வைல்ட் கன்மேன்’ ஆடிக்காட்ட, கையால் ஆடுவதா, இது குழந்தைப் பொம்மை என்று இரண்டு சிறுவர்கள் ஒதுக்கித் தள்ளுகிறார்கள்.

‘ஈ.டி.’ பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வீட்டுக்குச் செய்தி அனுப்ப அந்த வேற்றுலகத்தான் கட்டும் கருவியில் ஒரு குடை, ஒரு வட்ட ரம்பம், ஒரு இசைத்தட்டுச் சுழலி, நடுவே சிவப்புப் பிளாஸ்டிக் பொம்மை ஒன்று இருக்கும். பெயர் ‘ஸ்பீக் அண்ட் ஸ்பெல்’. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் 1978இல் வெளியிட்டது. பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டச் சொல்லித்தரும். அதன் சிறப்பு, குரல் நாடாவிலிருந்து வராது. ஒரே ஒரு சில்லு குரலைத் தானே உண்டாக்கும். 1982இல் ஒரு சிறுவனின் அறையில் கிடந்தவற்றில் தானாகப் பேசத் தெரிந்த பொருள் அதுதான். பேச வேண்டிய தேவை உள்ளவன் அதைத்தான் எடுப்பான். பின்னாளில் ஏக்கத்துக்காக யாராவது அந்தக் காலத்து அறையை அமைத்தால் அந்தப் பொம்மையை அலமாரியில் அழகாக நிறுத்துவார்கள். இங்கே அதைப் பிரித்து, வயரை உருவி, வேலை வாங்கியிருக்கிறார்கள்.

‘டெர்மினேட்டர்’ இரண்டாம் பாகத்திலும் அப்படியே. சிறுவன் ஜான் ஏடிஎம்மில் பணம் எடுக்கப் பயன்படுத்தும் மடிப்புக் கருவி அட்டாரி போர்ட்ஃபோலியோ என்ற கையடக்கக் கணினி, 1989இல் வந்தது. பிறகு கேம் கடைக்குப் போய் ‘மிசைல் கமாண்ட்’ ஆடுகிறான். வானிலிருந்து விழும் ஏவுகணைகளிடமிருந்து நகரங்களைக் காப்பாற்றும் ஆட்டம். கடைசியில் எல்லா நகரமும் அழிந்தே தீரும். அணுப் போரை எதிர்கொள்ளப் பிறந்த பையன் கையில் அதைக் கொடுத்தவர் யாராக இருந்தாலும் அவருக்கு என் வணக்கம்.

தமிழில் நான் தேடிக்கொண்டிருப்பது ஒரே ஒரு சட்டகம். 1990களிலேயே எடுத்த படமாக இருக்க வேண்டும். நடுத்தர வீட்டுக் கூடம், மூலையில் ஒரு டயனோரா டிவியோ சாலிடேர் டிவியோ, மேலே அம்மா பின்னிய உறை. கதைக்கு எந்தத் தொடர்பும் இல்லாமல் பெரியவர்கள் முன்னால் கல்யாணப் பேச்சு பேசிக்கொண்டிருக்க, பின்னால் தரையில் சிவப்பு வெள்ளைப் பெட்டி, அதை ஒட்டி அண்ணாந்து பார்க்கும் இரண்டு பிள்ளைகள். கேசட்டைப் பிடுங்கி வாயால் ஒருமுறை ஊதி, மறுபடி செருகுவது மட்டும் தெரிந்தால் போதும்.