பொட்டல் நிலம் உப்புத்தாள் மாதிரி தெரிகிறதா?

கேள்வி: 1:35 அளவில் (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) ஒரு பழைய லாரி மாடல் செய்து, அதை நிறுத்த வறண்ட பொட்டல் நிலம் அமைத்தேன். பலகையில் பசை தடவி, மணலைத் தூவி, பழுப்பு பெயின்ட் அடித்தேன். உப்புத்தாள் ஒட்டின மாதிரி இருக்கிறது! ஓர் ஓரத்தில் வெடித்த களிமண் தரையும் வேண்டும். எப்படிச் செய்வது?

பதில்: மணல் முழுக்க ஒரே பருமனில் இருப்பதும், பலகை தட்டையாக இருப்பதும்தான் கோளாறு. பொட்டலிலும் மழை எப்போதாவது ஓடியிருக்கும், காற்று அடித்திருக்கும், அந்தத் தடம் தெரியாவிட்டால் எவ்வளவு மணல் கொட்டினாலும் நிலமாகாது. முதலில் தெர்மாகோலும் பிளாஸ்டரும் வைத்து மேடு பள்ளம், ஒரு சின்ன நீரோட்டத் தடம் உண்டாக்குங்கள். மண்ணைச் சலித்து மூன்று ரகமாகப் பிரியுங்கள். பெரிய கல் மேட்டின் அடிவாரத்தில், சரளை ஓடைத் தடத்தில், பொடி மண் பள்ளத்திலும் கல்லின் ஒரு பக்கத்திலும் ஒதுங்கியிருக்க வேண்டும். வெளியிலிருந்து எடுத்த மண் என்றால் வறுத்துவிட்டுப் பயன்படுத்துங்கள், ஈரம் இருந்தால் பின்னால் பூஞ்சை பிடிக்கும்.

ஒட்டுவதற்கு, மண்ணைத் தூவியபின் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்த தண்ணீரை மெல்லத் தெளித்து, அப்புறம் வெள்ளைப் பசையில் சம அளவு தண்ணீர் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள். அந்தத் திரவம் இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் மண்ணைக் குவித்துவிடும். காய்ந்தபின் அடர்ந்த நிறம் பூசி, கிட்டத்தட்ட காய்ந்த பிரஷில் வெளிர் நிறத்தைத் தொட்டு மேடுகளில் மட்டும் உரசுங்கள். அந்த வெளிர் நிறத் தூசியே டயரிலும் படிந்திருக்கட்டும்.

சரி, வெடிப்புக்கு வருவோம். கத்தியால் கீற வேண்டாம், பொய் என்று உடனே தெரிந்துவிடும். களிமண்ணைக் குழைத்துத் தடவினால் அது காயும்போது சுருங்கித் தானே வெடிக்கும், ஆனால் அளவு முக்கியம். நிஜத்தில் வெடிப்புகளுக்கு நடுவே 20 செ.மீ. அகலமுள்ள ஒரு மண் பாளம் உங்கள் அளவில் 6 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. படலம் மெல்லிசாக இருந்தால் பாளம் சின்னது, தடிமனாக இருந்தால் பெரியது. எனவே ஒரு துண்டுப் பலகையில் வேறு வேறு கனத்தில் தடவிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். குழைக்கும்போது பசை கலக்காதீர்கள், வெடிப்பு சரியாக விழாது. காய்ந்தபின்னும் தண்ணீர் கலந்த பசை வேண்டாம், களிமண் மறுபடி இளகி வெடிப்பு மூடிக்கொள்ளும். மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து லேசாக இரண்டு மூன்று தடவை அடித்து இறுக்குங்கள். வெடிப்புக்குள் கறுப்பு ஊற்ற வேண்டாம், மண் நிறத்தையே கொஞ்சம் அடர்த்தியாக்கி விட்டால் போதும்.