மெழுகுவர்த்தியும் மழை இரவும்

வணக்கம். தாமிரபரணிக் கரையோர ஊர் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டிலும் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பள்ளி திறந்த அன்று, புத்தகம் இழந்த பிள்ளைகளின் பட்டியலை எடுத்துக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "டீச்சர், உங்க வீட்டுலயும் தண்ணி வந்துச்சா?" என்று கேட்டாள். "இல்லம்மா" என்று சொல்லிவிட்டேன். இன்றும் இரவில் மழை பெய்தால் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அண்மையில் ஒரு பயிற்சியில், ஆசிரியர் மெழுகுவர்த்தியாக இருக்க வேண்டும் என்றார்கள். எரிச்சலாக இருந்தது, எரிச்சல்பட்டதற்காக வெட்கமாகவும் இருந்தது. ஓர் ஆசிரியை மாணவர் முன் கலங்கலாமா?

— ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த எரிச்சலுக்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஒன்று எரிந்து தீர்ந்தால் இன்னொன்றை ஏற்றிக்கொள்ளலாம் என்பதும் மெழுகுவர்த்தி உவமைக்குள் இருக்கிறது. மேடையில் அதைச் சொல்கிறவர்கள் அந்தப் பாதியைச் சொல்வதில்லை.

டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் பெறும் சராசரி மழையைவிட இது மிகுதி. ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளம் சூழ நின்றுவிட்ட செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளில் ஒரு பகுதியினர் அருகிலிருந்த பள்ளியில்தான் தங்கவைக்கப்பட்டார்கள். பேரிடர் என்றால் நம் ஊர்களில் முதலில் திறக்கப்படுவது பள்ளிக்கூடத்தின் பூட்டு. ஆனால் அந்தப் பள்ளியில் பாடம் நடத்துகிறவரின் வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று கேட்க, நீங்கள் நிரப்பிய பட்டியலில் ஒரு கட்டம் இருந்திருக்காது.

2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூருவிலுள்ள தேசிய மனநல மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ், குழந்தைகளுக்கு மனத்துணையாக இருப்பதற்காகத் தன்னார்வலர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தது. அது நல்ல பணி, தேவையான பணியும்கூட. எனினும் இத்தகைய ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு: ஆசிரியர் அங்கே எப்போதும் துணை செய்கிறவராகவே வருகிறார், பாதிக்கப்பட்டவராக வருவதே இல்லை. நீங்கள் அந்தப் பெண்ணிடம் சொன்ன பொய்யும் அந்த ஏற்பாட்டிலிருந்து பிறந்ததுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கலங்கலாம். குழந்தைகளைத் தளரச் செய்வது பெரியவர்களின் கண்ணீர் அன்று. தங்களைச் சுற்றி என்ன நடக்கிறது என்று புரியாமல் போவதுதான். "எங்கள் வீட்டிலும் வந்தது, நானும் பயந்தேன், இப்போது தரையைக் கழுவிவிட்டு வந்திருக்கிறேன்" என்று நீங்கள் சொல்லியிருந்தால், பயந்தபின் மனிதர்கள் மறுநாள் என்ன செய்கிறார்கள் என்பதை அவள் உங்களிடமிருந்து அறிந்திருப்பாள். அதே வேளையில், உங்கள் பயத்தின் முழுச் சுமையையும் வகுப்பறையில் இறக்கிவைக்கக் கூடாது. அதற்கான இடம் ஆசிரியர் அறையும் தலைமையாசிரியரின் காதும்தான். அந்தக் காது பல பள்ளிகளில் புள்ளிவிவரப் பதிவேற்றத்திலேயே தேய்ந்துபோயிருக்கிறது என்பது வேறு கதை.

தாங்கும் மனத்தைத் தனி ஆசிரியரின் குணமாகப் பேசுவதை நான் ஏற்பதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019இல், பணிச்சோர்வை (burnout) நோயாகக் கொள்ளாமல், பணியிடத்தில் தொடர்ந்து நீடித்து, சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தின் விளைவாகவே வரையறுத்தது. அப்படியானால் அதற்கான மருந்தின் பெரும்பகுதி பணியிடத்தில்தான் இருக்க வேண்டும். வெள்ளம் வடிந்த முதல் இரண்டு வாரங்களுக்குக் கணக்கெடுப்புகளை நிறுத்திவைப்பதும், வீடிழந்த ஆசிரியருக்குக் கேள்வியின்றி விடுப்புத் தருவதும், அருகிலுள்ள பள்ளியிலிருந்து மாற்று ஆசிரியரை அனுப்புவதும் மூச்சுப் பயிற்சியைவிட அதிகம் உதவும். மூச்சுப் பயிற்சிக்கு நான் எதிரியல்லன். அதைக் கற்றுத்தரும் நாளிலேயே மாலைக்குள் அறிக்கை கேட்பதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் உங்கள் மழை இரவுகள் பணிச்சோர்வு அல்ல. நடந்து முடிந்த ஒன்று இன்னும் நடந்துகொண்டிருப்பதாக உடல் நம்பிக்கொண்டிருக்கும் நிலையாக அது இருக்கலாம். இவ்வளவு காலம் கழிந்தும் நீடிப்பதால் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கும். அதற்குத் தயக்கமாக இருந்தால் அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலிமனஸ் உதவி எண் 14416க்கு அழையுங்கள். கட்டணமில்லை, எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். அந்த எண்ணை ஆசிரியர் அறைச் சுவரிலும் எழுதி ஒட்டுங்கள். உங்கள் ஊரில் மழை இரவில் எழுந்து உட்காரும் ஆசிரியர் நீங்கள் ஒருவர் மட்டுமாக இருக்க மாட்டீர்கள்.