வெட்டி எறிந்த சுருள்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய சினிமாவின் அழிவு பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு முழுப்படமே அழிந்துபோனால் வருந்தலாம். ஆனால் வெட்டி எறிந்த காட்சிகளுக்கும், கார்ட்டூன் முடிந்தபின் தூக்கிப்போட்ட ஓவியங்களுக்கும் ஏன் இத்தனை ஆதங்கம்? எழுத்தாளர் கசக்கிப் போட்ட காகிதத்தை யாரும் தேடிப் போவதில்லையே. எடுத்தவரே வேண்டாம் என்று ஒதுக்கியதை நாம் ஏன் சுமக்க வேண்டும்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எடுத்தவரே ஒதுக்கியது என்கிறீர்கள். பல நேரங்களில் ஒதுக்கியவர் வேறு ஆள். அமெரிக்க இயக்குநர் ஆர்சன் வெல்ஸின் ‘தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்’ 1942இல் வந்தது. அவர் பிரேசிலில் வேறொரு படப்பிடிப்பில் இருந்தார். முன்னோட்டக் காட்சிக்கு வந்த கூட்டத்துக்குப் படம் பிடிக்கவில்லை என்று ஸ்டுடியோ 40 நிமிடங்களுக்கு மேல் வெட்டியது, முடிவை மாற்றி எடுத்து ஒட்டியது, வெட்டிய நெகட்டிவையும் பிறகு அழித்தது. நாம் இன்று பார்ப்பது 88 நிமிடப் படம். வெல்ஸின் படம் எப்படி இருந்தது என்பதை எழுத்தில் மிஞ்சியிருக்கும் காட்சிக் குறிப்புகளை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபாலிஸ்’ கதையும் இதுதான். 1927இல் பெர்லினில் வெளியான பிறகு கால்வாசியை வெட்டிவிட்டார்கள். சில பாத்திரங்கள் எதற்காக வருகிறார்கள் என்றே புரியாத ஒரு படத்தை உலகம் எண்பது ஆண்டுகள் பார்த்தது. 2008இல் பியூனஸ் அயர்ஸின் திரைப்பட அருங்காட்சியகத்தில் கீறல் விழுந்த 16 மி.மீ. பிரதி ஒன்று அகப்பட்டது. காணாமல்போன சுமார் 25 நிமிடங்கள் அதில் இருந்தன. அந்தப் பாத்திரங்களுக்கு அப்போதுதான் ஒரு கதை கிடைத்தது.

இதையெல்லாம் அழித்தவர்களுக்குக் கலைமேல் பகை ஒன்றும் கிடையாது. அவர்கள் கண்ணுக்கு அது படமாகவே தெரியவில்லை, பண்டமாகத் தெரிந்தது. ஃபிலிமில் வெள்ளி இருக்கிறது, உருக்கி எடுக்கலாம். நைட்ரேட் ஃபிலிம் எளிதில் தீப்பிடிக்கும், கிடங்கில் வைத்திருப்பதே ஆபத்து. முதல் உலகப் போரின்போது, சினிமாவின் தொடக்ககால பிரெஞ்சு இயக்குநர் ஜார்ஜ் மெலியேவின் படச்சுருள்கள் காலணிக் குதிகால் செய்ய உருக்கப்பட்டன.

கார்ட்டூன் ஓவியங்களுக்கு வருகிறேன். எனக்கு அதிகம் வலிப்பது இதுதான். ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தாளின் முன்பக்கத்தில் மையால் கோடு இழுப்பார்கள். தாளைத் திருப்பி, தூரிகைத் தடம் முன்னால் தெரியாதபடி, பின்பக்கம் வண்ணம் நிரப்புவார்கள். ஏழு நிமிடப் படத்துக்கு இப்படி ஆயிரக்கணக்கில் தாள்கள். கேமராவின் கீழே ஒருமுறை போய் வந்ததும் பலவற்றைக் கழுவி, அதே தாளில் அடுத்த படத்தை வரைந்தார்கள். டிஸ்னி கூடத்தில் இந்தக் கோடும் வண்ணமும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர்களுக்கு இடமில்லை. அவர்கள் கை பட்டதற்கு இருந்த ஒரே நேரடிச் சாட்சியும் தொட்டித் தண்ணீரில் கரைந்துபோனது. 1938இல் சான் பிரான்சிஸ்கோ ஓவியக்கூடம் ஒன்று ‘ஸ்னோ ஒயிட்’ தாள்களை விற்கத் தொடங்கியதால் கொஞ்சம் தப்பியது.

தொலைக்காட்சியில் இன்னும் மோசம். 1956இல் வந்த இரண்டு அங்குல வீடியோ டேப் விலை அதிகம். ஒளிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்தார்கள். பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரின் 1960களின் பகுதிகள் பல அப்படிப் போனவை. ஆனால் ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள் தந்தது அது. காணாமல்போன ஒன்பது பகுதிகள் நைஜீரியாவின் ஜோஸ் நகரில் ஒரு நிலையத்தில் கிடந்ததை 2013இல் அறிவித்தார்கள். மறுஒளிபரப்புக்காக அங்கே அனுப்பிய பிரதிகள் அவை.

சரி, படைப்பாளி தானே ஒதுக்கியது? அங்கே உங்கள் கேள்விக்கு வலு இருக்கிறது. சாப்ளின் தன் கழிவுச் சுருள்களை யாருக்கும் காட்ட விரும்பியதில்லை. ஆனாலும் ஒரு பகுதி தப்பிவிட்டது. கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் அவற்றை வைத்து 1983இல் ‘அன்னோன் சாப்ளின்’ என்ற ஆவணத் தொடரை எடுத்தார்கள். ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் காட்டப்படும் பலகை எண்களை வரிசைப்படுத்தியதும், 1917இன் ‘தி இமிக்ரன்ட்’ பிறந்த விதம் புலப்பட்டது. கப்பலில் தொடங்கும் படம் அது. சாப்ளினோ உணவகக் காட்சியில்தான் தொடங்கியிருக்கிறார். முதலில் பரிமாறுபவராக ஹென்றி பெர்க்மன் நடிக்கிறார். சரிவரவில்லை. மலைபோன்ற எரிக் கேம்ப்பெல்லைக் கொண்டுவந்ததும் காட்சிக்கு உயிர் வருகிறது. உணவகத்தில் இருக்கும் நாயகனும் நாயகியும் எங்கிருந்து வந்தார்கள் என்ற யோசனையில்தான் கப்பல் வருகிறது.

எழுத்தாளருக்குக் கையெழுத்துப் பிரதி உண்டு. கேமராவை ஓடவிட்டே யோசித்த சாப்ளினுக்கு அந்தச் சுருள்கள்தான் கையெழுத்துப் பிரதி. அவர் அதை மறைக்க நினைத்ததை மதிக்கிறேன். ஆனாலும் அது அழியாமல் இருந்ததில்தான் எனக்கு மகிழ்ச்சி. அந்தத் தொடரின் முதல் பகுதியை மட்டுமாவது பாருங்கள். பார்த்த பிறகும் இது வீண் சுமை என்று தோன்றினால் மறுபடி எழுதுங்கள், பேசுவோம்.