கண்ணிவெடி அகற்றிய காணியில் தென்னை வைக்கலாமா?

கேள்வி: முகமாலையில் அப்பாவின் பெயரில் நாலு ஏக்கர் தென்னங்காணி இருக்கிறது. 2000ஆம் ஆண்டில் விட்டுவிட்டு ஓடியது. இப்போது கண்ணிவெடி அகற்றிக் கையளித்துவிட்டார்கள். மாரிமழைக்கு முன் பெக்கோ பிடித்துக் குழி வெட்டித் தென்னம்பிள்ளை வைக்க நினைக்கிறேன். பயமில்லாமல் செய்யலாமா?

பதில்: தென்னை தாராளமாக வைக்கலாம். ஆனால் பெக்கோவை உள்ளே விடுவதற்கு முன் கையளிப்பு அறிக்கையை ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். அதில் இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று வரைபடம், மற்றது துப்புரவு செய்த ஆழம்.

ஆழத்தைத்தான் நம் ஆட்கள் பெரும்பாலும் கேட்பதில்லை. 'அகற்றியாச்சு' என்றால் அடிமண் வரைக்கும் அகற்றியாச்சு என்று பொருளில்லை. உள்ளூர்த் தகவல் வேறுவிதமாகச் சொல்லாத இடத்தில் பன்னாட்டு நியமம் சொல்லும் ஆழம் 13 சென்டிமீட்டர். உங்கள் காணியில் அதைவிட ஆழமாகவும் பார்த்திருக்கலாம், அறிக்கையில் எழுதியிருக்கும். தென்னங்குழியோ மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி ஆழம். அதாவது துப்புரவு செய்த மண்ணைத் தாண்டி நீங்கள் கீழே போகப் போகிறீர்கள். வெங்காயமோ கச்சானோ போடுகிறவருக்கு இந்தப் பிரச்சினை இவ்வளவு இல்லை.

முகமாலை சாதாரண சண்டை நடந்த இடமும் இல்லை. 2000 முதல் 2009 ஜனவரி வரை இராணுவம், புலிகள் என்று இரு தரப்பின் முன்னரங்கும் அந்தத் தோட்டங்களுக்குள்தான் எதிரெதிரே நின்றது. மண் அணை, பதுங்குகுழி, அணைக்கு முன்னால் மிதிவெடி வரிசை என்று ஆண்டுக்கணக்கில் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்தது. அணை சரிந்தபோது மிதிவெடியும் மண்ணோடு உள்ளே போனது. முதலில் புதைத்தபோது விரற்கடை ஆழத்தில் இருந்தது, இன்று ஒரு முழத்துக்குக் கீழே இருக்கலாம். அதனால்தான் அணை இருந்த பகுதிகளில் அகற்றும் குழுக்கள் இயந்திரம் கொண்டு ஆழமாகத் தோண்டிப் பார்க்கின்றன. உங்கள் வரைபடத்தில் பழைய அணை எந்தப் பக்கத்தால் போனது, அதிலே எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டிய இடம் கிளிநொச்சியில் இருக்கும் பிராந்திய கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகம். கிராம அலுவலர் மூலமோ பச்சிலைப்பள்ளி பிரதேச செயலகம் மூலமோ போகலாம். 'காணி பாதுகாப்பானதா?' என்று பொதுவாகக் கேட்டால் 'ஆம்' என்ற பதில்தான் வரும். 'மூன்றடி ஆழத்தில் குழி வெட்டப் போகிறேன், இந்த ஆழத்துக்குப் பார்த்திருக்கிறீர்களா?' என்று எழுத்தில் கேளுங்கள். பார்க்காத துண்டு இருந்தால் மறுபடி பார்க்கச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. அந்த வேலையைச் செய்கிறவர்களில் பலர் நம் ஊர்ப் பெண்கள்தான். வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணை விரல்விரலாக விலக்கி எடுப்பவர்களுக்கு உங்கள் கேள்வியின் அருமை தெரியும்.

வாடகைக்கு உலோகம் காட்டும் கருவி எடுத்து நாமே பார்க்கலாமே என்று சிலர் சொல்வார்கள். வேண்டவே வேண்டாம். அங்கே நிறையப் புதைக்கப்பட்ட பி4 மிதிவெடி உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. அதில் உலோகம் மிகக் கொஞ்சம். அதைப் பார்த்துப் புலிகள் செய்த ரங்கன் 99 மிதிவெடியும் அப்படியே. புலிகளின் ஜொனி மிதிவெடிக்குக் கூடே மரம். அதே நேரம் காணி முழுக்கச் சன்னக்கோதும் ஷெல் துண்டும் கிடப்பதால் கருவி அடிக்கொரு தரம் கத்தும். கத்தாத இடத்திலும் ஆபத்து இருக்கலாம்.

செத்த தென்னை, மொட்டைப்பனைகளைத் தறித்து மர ஆலைக்குக் கொடுப்பதானால் ஷெல் துண்டு உள்ளே இருக்கலாம் என்று முதலே சொல்லிவிடுங்கள். வாள் உடைந்து தெறித்தால் அறுக்கிறவருடைய முகம் போய்விடும். பற்றையைக் கொளுத்த வேண்டாம். மண்ணில் வெடிக்காத ஷெல் கிடந்தால் சூட்டில் வெடிக்கக்கூடும். பழைய கிணற்றைத் தூர்வார ஆளை இறக்கும் முன்பும் அதே அலுவலகத்தில் சொல்லுங்கள். கிணற்றுக்குள் என்னென்ன வீசப்பட்டதோ தெரியாது. பழைய இரும்பு பொறுக்க வருகிறவர்களைக் காணிக்குள் விடாதீர்கள், அவர்கள் எவ்வளவு கெஞ்சினாலும்.

எல்லைக்கல் நடுவதும் தோண்டும் வேலைதான். நில அளவையாளரிடமும் அறிக்கையைக் காட்டுங்கள்.

மாரி ஒக்டோபரில் தொடங்கிவிடும், குழி அதற்கு முன் தயாராக வேண்டும். ஆகவே கடிதத்தை இப்போதே கொடுங்கள். அந்த ஆழத்துக்குப் பார்த்தாயிற்று என்று பதில் வந்த துண்டில் முதலில் குழி வெட்டி, மணல் மண் என்பதால் அடியில் பொச்சு மட்டையை இரண்டு அடுக்குப் பரப்பி, மேல்மண்ணும் எருவும் கலந்து நிரப்பிவிடலாம். அப்படிப் பதில் வராத துண்டை இந்த மாரிக்குச் சும்மா விடுங்கள். வேலையாட்கள் எதையாவது கண்டால் தொடக்கூடாது, மண்வெட்டியைப் போட்ட இடத்திலேயே விட்டு, வந்த காலடியிலேயே திரும்பி நடந்து 119க்கு அழைக்க வேண்டும். இதைக் கூலி பேசும்போதே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.